அந்த ஒரே ஓட்டு

"அவன் வந்துடுவானோன்னு பயந்து இவனுக்குப் போடாதீங்க!"

இரண்டு பெரிய கட்சிகளுக்கும் மாற்றாகக் கத்தரிக்கோல் சின்னத்தில் நின்ற தையல்காரர், ஒரு மாதமாகத் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான்.

ஓட்டுகளை எண்ணி முடித்தார்கள். சொந்தத் தெரு வாக்குச்சாவடியில் அவருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு!

அவருடைய கடை வாசலில் சிரிப்பு அடங்கவில்லை.

"அந்த ஒண்ணு அண்ணன் தனக்கே போட்டுக்கிட்டது. அப்போ அண்ணி?"

"கட்டின பொண்டாட்டியே கைவிட்டுட்டாங்களே, அண்ணே!"

தையல்காரர் இஞ்ச் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். உள்ளே சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "உங்களுக்கு எவன் போடுவான்?" என்று மாதம் முழுக்க அவரைக் கிண்டலடித்தவள்தான்.

கூட்டம் கலைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"அவ்வளவு பேசுறாங்க, நீ ஏன் வாயே திறக்கல?"

"திறந்து என்னத்தைச் சொல்ல? நான் கத்தரிக்கோலுக்குத்தான் போட்டேன்னா?" ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "அப்புறம் உங்க ஓட்டு எங்கேன்னு கேப்பாங்களே."

தையல்காரர் தலை கவிழ்ந்தார். ஓட்டு மெஷின் முன்னால் நின்ற அந்த அரை நிமிஷம், 'அவன் வந்துடுவானோ' என்று பயந்து அவர் விரலும் 'இவன்' பட்டனைத்தான் அழுத்தியிருந்தது.