அட்டைப்படத்துக் கீரை

“துணி துவைச்ச தண்ணிய என்ன பண்றீங்க?” என்று பேராசிரியர் வசுமதி போன வருடம் என்னிடம் கேட்டார். எதையும் வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்துவது பற்றி, சென்னை மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவர். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவை ஆய்வுக்கு எடுத்திருந்தார்.

“கால்வாயில ஊத்திடுவேன் மேடம்.”

“கீரைக்கு ஊத்தும்மா.”

அன்றிலிருந்து ஒரு வாளிகூட நான் வீணாக்கவில்லை. கீரை முழங்கால் உயரம் வளர்ந்தது. தங்கை கிறிஸ்டினா தினமும் கீரைக்கடைசல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இன்று மேடம் தான் எழுதிய புத்தகத்தோடு வந்தார். அதன் அட்டையில், கிறிஸ்டினா கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

காய்ந்த பாத்தியைப் பார்த்ததும் மேடத்தின் முகம் சுருங்கியது. “ஏன் ஜெபா விட்டுட்ட? சோம்பலா?”

நான் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

“இவகிட்ட கேட்டா சாயந்திரம்தான் பதில் வரும்” என்றாள் அம்மா. “எங்க ஊட்டுக்காரரு பழைய பேட்டரி ஒடைக்கிற கம்பெனில வேல செய்றாரு மேடம். அவரு துணி துவைச்ச தண்ணியத்தான் இவ தெனம் ஊத்திக்கினு இருந்தா. அந்தக் கீரையத் தின்னு தின்னு பாப்பா ஒடம்புல ஈயம் ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ஈஸ்டருக்கு முந்தின வாரம் போயிட்டா.”

மேடம் புத்தகத்தைப் பைக்குள் வைக்கப் போனார்.

“அத மட்டும் குடுத்துட்டுப் போங்க மேடம். அவ சிரிக்கிற போட்டோ எங்களாண்ட வேற இல்ல.”

மேடம் புத்தகத்தை அம்மா கையில் வைத்தார். வாசலைத் தாண்டிப் போனார்.