சம்பந்தியின் டுரியான்

டப்பாவில் ஒரே ஒரு சுளைதான் மிச்சம். அதையும் எடுத்தார்.

நாக்கில் வெண்ணெய்போல் கரைந்தது. முதலில் இனிப்பு. அடியில் மெல்லிய கசப்பு. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

இதையா அப்படிச் சொன்னோம்?

சொன்னது போன மாதம். மலேசியாவில், கிள்ளானில் மகள் வாழும் வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்த மறுநாள். சம்பந்தி வீரையா, விருந்தாளிக்கென்று தேடி வாங்கிய டுரியான் பழத்தைக் கூடத்தில் வைத்து வெட்டினார்.

"விளக்கேத்துற வீட்ல இந்தப் பிணவாடையா?"

விருந்தாளியாக வந்தவர் எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டார்.

வீரையா, தான் கட்டிய வீட்டிலிருந்து, தான் வாங்கிய பழத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அன்றிலிருந்து காருக்குப் பக்கத்தில் நின்றுதான் சாப்பிடுகிறார்.

இன்று மத்தியானம் வீரையா தூங்கிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். காரின் பின்னால் இருந்த டப்பாவில் எறும்பு ஊர்கிறதே என்று நகர்த்தப் போனவர்தான். விரலில் ஒட்டியதை என்னவோ நக்கிவிட்டார். பிறகு, தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று டப்பாவோடு அடுக்களைக்குள் வந்துவிட்டார்.

வாசல் கேட் திறந்தது.

அவசரமாகக் கூடத்துக்கு வந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

மகள் அரசி மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போனாள். காலி டப்பாவோடு திரும்பினாள். அரைத்தூக்கத்தில் எழுந்து வந்த மாமனாரிடம் அதை நீட்டினாள்.

"என்ன மாமா இது? அப்பாவுக்கு ஆகாதுன்னு தெரியும்ல? இந்த வயசுல அவ்வளவு நாக்கு கேக்குதா?"



எங்கள் வீட்டுப் பெண் மாமனாரை எதிர்த்து ஒரு சொல் பேச மாட்டாள். கல்யாணப் பேச்சில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் பெண்ணைப் பெற்ற அவர்தான்.

சொல்லிவிட வேண்டும்.

வாயைத் திறந்தால் வாடை வரும்.

வீரையா டப்பாவைப் பார்த்தார். சம்பந்தியின் பின்னால் மறைந்திருந்த கைகளைப் பார்த்தார்.

"கோவிக்காதம்மா. ஆசைய அடக்க முடியல லா. நான்தான்."

"நல்ல ஆசை!"

அரசி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே உள்ளே போனாள்.

வீரையா வாசலுக்குப் போனார். காலையில் வெட்டிப் போட்ட முள்தோலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கைய நீட்டுங்க சம்பந்தி. இந்த வாடை சோப்புக்குப் போகாது. இந்தத் தோல்ல ஊத்துன தண்ணிக்குத்தான் போகும்."

அவர் முகத்தில் கேலி இல்லை. ஒரு துளியும் இல்லை.

கழுவிவிட்டால் முடிந்தது. வீரையா சாகும்வரை வாயைத் திறக்க மாட்டார். இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இரவுச் சோறு சாப்பிடலாம். நாளையும் சாப்பிடலாம்.

தோலின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அரசி."

 மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா?"

அவள் வந்து நின்றாள்.

அவர் பழம் ஒட்டிய கைகளை அவள் முன்னால் கொண்டுவந்தார்.