மூன்றாவது பத்தி

“அழுகை வந்தா அழு. வரலைன்னா வலிஞ்சு வரவழைக்காதே. தினம் எத்தனை பேரைப் பார்க்கறவங்க, கண்டுபிடிச்சிடுவாங்க” என்றாள் தையல்காரி.

“மெதுவாப் பேசு சித்தி. எல்லாரும் கேக்கறாங்க.”

“கேட்டா என்ன? துக்க வீட்டுப் பொண்ணுக்கு ஆறுதல் சொல்றேன்னு நினைச்சுக்குவாங்க.”

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவக் கல்லூரியின் நீண்ட வராந்தாவில், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள் சுவரோர பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு அப்பா தன் மகனுக்கு எலும்புகளின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகனைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

“அந்த மனுஷனுக்கே சீட் கொடுத்துடுவாங்க போலிருக்கு” என்றாள் தையல்காரி.

பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. தையல்காரி குனிந்து, அவள் சட்டைக் காலரில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். இத்தனை பேர் நடுவில்! பெண்ணின் காது மடல் சுட்டது. ஆனால் அவளைக் கூசவைத்தது அந்த நூல் அல்ல. மடியில் இருந்த கட்டுரை.

‘நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்?’ முதல் பத்தியில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. இரண்டாவதில் ஆஸ்பத்திரி வராந்தா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த ஒரு டாக்டர். மூன்றாவது பத்தியில் அம்மா இறந்துபோகிறாள்.

முதல் இரண்டையும் அவளே எழுதினாள். மூன்றாவதைப் பயிற்சி மைய ஆசிரியர் திருத்திக் கொடுத்தார். “மார்க் எல்லார்கிட்டயும்தான் இருக்கு. படிக்கிறவங்களுக்குத் தொண்டை அடைக்கணும். அதான் உனக்கு சீட்” என்றார். போன வருஷம் மார்க் இருந்தும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை விண்ணப்பிக்க இந்தக் கல்லூரியில் வழியில்லை. இன்று விட்டால் விட்டதுதான்.

“சித்தி, நாம வீட்டுக்குப் போயிடலாமா?”

“எதுக்கு? தலை முழுகியாச்சு, இனி ஈரம்னு பார்த்தா ஆகுமா? போ, உன்னைத்தான் கூப்பிடறாங்க.”

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை கட்டுரையைப் புரட்டினார். “மூணாவது பத்தியைப் பத்திக் கொஞ்சம் சொல்லும்மா.”

பெண் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேஜையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியையின் குரல் இளகியது. “பரவாயில்லை, விடு. கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க.”

கதவருகே நின்ற அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார். “இந்தப் பொண்ணோட வந்தது யாரு? நீங்களா? கேக்கவே வேணாம், மூக்கே சொல்லுது.”

“எங்க வீட்டு மூக்குங்க. அக்காவுக்கும் இதேதான்” என்றபடி தையல்காரி உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“நீங்கதான் வளர்க்கறீங்களா?”

“ஆமா மேடம். தையல் வேலை. இவ சின்னதிலேருந்து என்கிட்டதான்.”

“இவங்க அம்மா எப்படிப்பட்டவங்க?”

தையல்காரி பெண்ணை ஒருமுறை பார்த்தாள். “வாய் கொஞ்சம் ஜாஸ்தி மேடம். சண்டைன்னு வந்தா தெருவே கூடிடும். ஆனா பகல்ல இவளைத் திட்டித் தீர்த்துட்டு, இவ தூங்கினப்புறம் போய்ப் போர்வையை இழுத்து விட்டுட்டு வருவா. அது இவளுக்குத் தெரியாது.”

பெண் சட்டென்று நிமிர்ந்தாள். அது அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

“கடைசியா ஏதாவது சொன்னாங்களா?”

தையல்காரி விரலில் இருந்த ஊசித் தழும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று பெண் கண்ணால் கெஞ்சினாள்.

“நான் இல்லாம இருந்தாத்தான் இவளுக்கு நல்லதுன்னா, இல்லாமலே இருந்துட்டுப் போறேன்னு சொன்னா மேடம்.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

“சித்தியை நல்லாப் பார்த்துக்கோம்மா” என்றார் பேராசிரியை. “பெத்தவ மாதிரியே பேசறாங்க.”

பெண் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. பெண் மூலையில் ஒண்டிக்கொண்டாள். தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“அந்த மேடத்துக்குக் கண்ணே கலங்கிடுச்சு, பார்த்தியா? சீட் உனக்குத்தான், எழுதி வச்சுக்கோ.”

“அதைப் பத்திப் பேசாதே, ப்ளீஸ்.”

“சரி, பேசலை.”

தையல்காரி சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

“அந்தக் காமாலையில நான் பிழைச்சு எழுந்ததே தப்போன்னு, உள்ளே உட்கார்ந்திருந்தப்போ ஒரு நிமிஷம் தோணிடுச்சுடி” என்றாள். “இங்கேதான் யாரும் இல்லையே. காலையிலேருந்து சித்தி, சித்தின்னு கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடேன்.”