அட்ஜஸ்ட்

மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு. வாசற்படியில் கம்பெனிச் சீருடையோடு கெம்பம்மா உட்கார்ந்திருக்கிறாள். கட்டில் காலில் சாய்ந்து கோபி. கவிழ்த்த வாளியின் மேல் ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி ஜோதிமணி; கெம்பம்மாவோடு ஒரே கம்பெனி லைனில் வேலை செய்பவள். அவளுடைய கால்கள் வீங்கிப் பளபளக்கின்றன. மடியில் கம்பெனிக்கு எழுதும் கடிதம். மதிய வெயிலில் கூரைத் தகரம் படபடக்கிறது. "நிக்க முடியல, தயவுசெஞ்சு அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னு போடு," என்கிறான் கோபி. 'அட்ஜஸ்ட்' என்று எழுதியதும் அவள் பேனா நிற்கிறது. பஸ்ஸில் அந்த வார்த்தைக்கு நகர்ந்து உட்கார் என்று பொருள். மெஷினில் திருகைச் சரிசெய். லைனில் ஒருத்தி குறைந்தால், பக்கத்தில் நிற்பவளுக்கு, இல்லாதவள் வேலையையும் சேர்த்துச் செய். கோபி போனில் தேடுகிறான். "பழைய பிரெஞ்சு வார்த்தையாம். கிட்டக் கொண்டாந்து சேக்கறதாம்." "அப்ப ஒரு நாற்காலியக் கிட்டக் கொண்டாந்து போடச் சொல்லுப்பா," என்று கெம்பம்மா சிரிக்கிறாள். ஜோதிமணி சிரிக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, 'உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும்' என்று எழுதுகிறாள். உறையில் போட்டவள் ஒட்டாமல் வைத்திருக்கிறாள். "அக்கா, என் எடத்துல யாரு நிப்பா?" "வேற யாரு? பக்கத்துல நிக்கறவ நான்தானே. ரெண்டு எடத்தையும் பாக்க வேண்டியதுதான்." தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கெம்பம்மா முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, உறையை வாங்கி, தன் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு சோற்றுப் பருக்கைகளை எடுத்து உறையின் வாயில் நசுக்கித் தேய்க்கிறாள். கட்டை விரலால் அழுத்தி மூடி, பைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடக்கிறாள்.