ஒரு பிடி மரத்தூள்

இருட்டறையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரை மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. ஆராய்ச்சிக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிகிறாள். திரையில் தெரிவது ஓர் எலியின் புற்றுக்கட்டித் துணுக்கு. அதன் பாட்டிக்கும் அம்மாவுக்கும் வந்த அதே கட்டி. பாலில்தான் வருகிறதோ என்று, பிறந்தவுடனே இதை நோயில்லாத வேறொரு தாயிடம் மாற்றியிருந்தார்கள். அந்தத் தாய் கடித்துவிடாமலிருக்க, அவள் கூண்டு மரத்தூளில் குட்டியைப் புரட்டி அவள் வாசனையை ஏற்றிவிட்டவர் கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர். இப்போதும் நோயில்லாத ஒரு தாயின் கூண்டிலிருந்து அள்ளிய ஒரு பிடி மரத்தூளோடு கதவருகே நிற்கிறார்.

“இந்த எலியோட தங்கச்சிக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சு மேடம். குட்டிங்க வாய் வைக்கறதுக்குள்ள மாத்தணும்.”

அவள் நகர்ந்து இடம் விடுகிறாள். அவர் எட்டிப் பார்க்கிறார். செல்லின் விளிம்பெங்கும் ரெட்ரோவைரஸ்கள் மொட்டு மொட்டாய்; மரபணுவுக்குள்ளேயே புகுந்து தலைமுறை தாண்டக்கூடிய வைரஸ்கள்.

“பால் மேல பழி போட்டோம். பொறக்கும்போதே உள்ளதான் இருந்திருக்குண்ணே. இத்தனை வருஷமா இதைத்தான் தேடினேன்.” குரலில் சந்தோஷத்தின் சாயலே இல்லை.

“அப்போ குட்டிங்க?”

இயந்திரம் முனகிக்கொண்டே இருக்கிறது. அவள் நெற்றியை உள்ளங்கையில் சாய்த்துக்கொள்கிறாள்.

“பெத்தவகிட்டயே விட்டுடுங்க.”

அவர் தலையாட்டுகிறார். கையிலிருக்கும் மரத்தூளைக் கொட்ட மனமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.