சேவல் குடித்த தண்ணீர்

தெய்வாத்தாளின் கொல்லையில் மேய்ந்த புள்ளிச்சேவலின் தலையில் கோழிக் கம்பெனிக்காரர்கள் மிளகளவு கருவி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். சேவல் காண்பதெல்லாம் கம்பெனிக் கொட்டகையில் நெருக்கியடித்து நிற்கும் கறிக்கோழிகள் அத்தனைக்கும் கனவாகப் போய்ச் சேரும். இது முருங்கை நிழலில் மண் குளித்தால் அங்கே கொட்டகையே கண் சொக்கிக் கிடக்கும். கடையில் அவற்றைத் ‘திறந்தவெளிக் கோழி’ என்றே விற்றார்கள்.

அன்று புது மருமகன் விருந்துக்கு வந்திருந்தார். கம்பெனியிடம் வேறு சேவல் வாங்கிக்கொள்ளலாம் என்று புள்ளியைப் பிடித்தாள். அவசரத்தில் கருவியைக் கழற்ற மறந்துபோனாள். ஆனால் அறுக்கும் முன் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தை மறக்கவில்லை. எந்த உயிரும் தாகத்தோடு போகக்கூடாது. மடியில் வைத்துத் தடவிக்கொடுத்து, உள்ளங்கையில் ஏந்திய நீரைப் புகட்டினாள். சேவல் நிதானமாகக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

குழம்பு கொதிக்கும்போது கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பரணி போனில் கூப்பிட்டான்.

“அக்கா, சேவலுக்கு இன்னைக்கு என்னத்தைக் காட்டுனீங்க?”

“ஏஞ்சாமி, என்னாச்சு?”

“தண்ணி தொறந்துவிட்டா ஒண்ணுகூடக் குடிக்க மாட்டேங்குதுங்க. ஏற்கெனவே குடிச்சு முடிச்ச மாதிரி அத்தனையும் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கிட்டுக் காத்துட்டு நிக்குதுங்க.”