வாங்கக் கூடாத சட்டை

பிரிட்டா கழிவறைப் பக்கம் போனதுதான் தாமதம், அவள் அம்மா கொலீன் ஓட்டமும் நடையுமாகக் கல்லூரிக் கடைக்குள் நுழைந்தாள்.

நெஞ்சில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் சுவர் முழுக்கத் தொங்கின. இருப்பதிலேயே பெரிய எழுத்துப் போட்ட ஒரு நீலச் சட்டையை உருவினாள். எழுத்து பெரிதாக இருந்தால் வேலை கச்சிதமாக முடியும் என்று ஒரு நம்பிக்கை.

செய்யப்போவது பாவம்தான். அது அவளுக்கும் தெரியும்.

இடம் கிடைத்ததா இல்லையா என்று ஏப்ரலில்தான் கடிதம் வரும். அதற்கு முன்னால் அந்தக் கல்லூரியின் சட்டையை வாங்கவே கூடாது. வாங்கினால் இடம் கிடைக்காது. விஸ்கான்சினில் அவர்கள் ஊரில் இதை யாரும் மீறுவதில்லை. கொலீனின் அண்ணன் மகன் ட்ரெண்ட் ஒருத்தன்தான் மீறினான். மார்ச் மாதமே சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் பந்தா காட்டினான். ஏப்ரலில் 'வருந்துகிறோம்' என்று வந்தது. இப்போது அந்தச் சட்டையில் அவன் நாய் தூங்குகிறது.

"படிச்சுப் படிச்சு சொன்னேன்ல, கேட்டியாடா?" என்று அன்றைக்கு அவனைத் துரத்தித் துரத்தித் திட்டியவள் பிரிட்டாதான்.

ஆக, சட்டை வாங்கினால் இடம் போச்சு. அதற்காகத்தான் கொலீன் வாங்குகிறாள்.

வேறு என்ன செய்வாள்? வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் நல்லதாக ஒரு கல்லூரி இருக்கிறது. செங்கல் கட்டடம், வாத்துக் குளம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளை சாப்பிட வீட்டுக்கு வந்துவிடலாம். கல்லூரிகளைப் பார்க்கக் கிளம்பிய இந்தப் பயணத்தை அங்கேதான் தொடங்கினார்கள். கொலீனைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தும் விட்டது. பிரிட்டாகூட எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினாள்.

பிறகு பார்த்ததெல்லாம் ஒப்புக்குத்தான். ஓஹையோவில் சாப்பாடு பிரமாதம், ஆனால் விடுதிக் கட்டிலில் ஒரு பூனைகூடக் காலை நீட்டிப் படுக்க முடியாது. நியூயார்க் மலைப்பக்கத்தில் ஏறி விளையாடச் சுவரெல்லாம் கட்டியிருந்தார்கள், துணி துவைக்கும் இயந்திரத்தை மட்டும் பாதாளத்தில் வைத்திருந்தார்கள். கல்லூரியைச் சுற்றிக் காட்டும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் பின்னோக்கி நடந்துகொண்டேதான் பேசினார்கள். ஒருவன் பேச்சு சுவாரசியத்தில் குப்பைத் தொட்டியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போன இடத்திலெல்லாம் கொலீன், "துணி துவைக்கிற மெஷின் எங்கப்பா இருக்கு?" என்று கேட்பாள். உடனே பிரிட்டா ஒரு மரத்துக்குப் பின்னால் போய், இந்த அம்மா யாரோ எவரோ என்று நின்றுகொள்வாள்.

இந்தக் கல்லூரிதான் கடைசி. மெய்ன் மாநிலத்தில், கடலை ஒட்டி. வீட்டிலிருந்து காரில் இரண்டு நாள். கொலீன் குளிரைக் குறை சொல்லிப் பார்த்தாள், காற்றைச் சொல்லிப் பார்த்தாள், மீன் வாடையைச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. பாறைமேல் ஏறி நின்ற பிரிட்டா, தலைமுடி பறப்பதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. சுற்றிக் காட்டிய பெண் "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றபோது முதலில் உயர்ந்தது பிரிட்டாவின் கை.

மரத்துக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை கையைத் தூக்கிவிட்டது. இவள் போய்விட்டால் ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்காரக் கொலீனை விட்டால் ஆளில்லை. அதை நினைக்கவே பயமாக இருந்தது.

பணத்தைக் கட்டினாள். பையை இடுக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். டிக்கியைத் திறந்து, பெட்டிகளை நகர்த்தி, ஸ்டெப்னியை மூடியிருந்த பலகையைத் தூக்கினாள். அங்கே வைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்?

டயருக்குள் ஏற்கெனவே ஒரு பை இருந்தது.

பிரித்தாள். பச்சைச் சட்டை. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நெஞ்சில் வீட்டுப் பக்கத்துக் கல்லூரியின் பெயர்.

அடி கள்ளி! அங்கேயே சேர ஆசைப்பட்டு, வாங்கி ஒளித்தும் வைத்திருக்கிறாளா? கொலீனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

ட்ரெண்டைத் துரத்தித் துரத்தித் திட்டியவள். ஆசைப்பட்ட கல்லூரியின் சட்டையை அவள் விரலால் தொடுவாளா?

விரித்துப் பார்த்தாள். எழுத்து பெரிதாக இருந்தது. அந்தக் கடையில் இருந்ததிலேயே இதுதான் பெரிதாக இருக்கும்.

கொலீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் வயிற்றில் பிறந்தது பின்னே எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. நிறுத்துமிடத்தில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு பச்சைச் சட்டையை இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பலகையை மூடினாள்.

நீலச் சட்டையோடு திரும்பவும் கடைக்குப் போனாள்.

"அளவு சரியில்லையா மேடம்?" என்றான் கடைப் பையன்.

"அளவெல்லாம் சரிதாம்ப்பா. நான் இத வாங்கவே இல்லன்னு வச்சுக்கோ," என்று சட்டையை அவன் பக்கம் தள்ளினாள். "ஏப்ரல்ல வந்து வாங்கிக்கிறேன்."